பத்துச் சுற்று

வேலையில் சேர்ந்த அன்றே அலுவலகத்தில் எனக்கு நான்கு இலக்க எண் ஒன்று கொடுத்தார்கள். வயதானவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை. போனதும் அந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்குக் கூப்பிட வேண்டும். கிளம்பும்போது இன்னொரு முறை. பதிவு செய்த பெண் குரல் ஒன்று எண்ணைக் கேட்கும். எண்ணை அழுத்திவிட்டு, வந்ததற்கு ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு. "நன்றி, பதிவாகிவிட்டது" என்று அந்தக் குரல் சொல்லும். கைப்பேசியிலிருந்து கூப்பிட்டால் ஏற்காது. ஆள் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அதை ஏமாற்ற ஒரு வழிதான் இருந்தது. நாம் யாரைக் கவனித்துக்கொள்ளப் போகிறோமோ அவரே எழுந்து வந்து, நம் எண்ணை அழுத்தி, இரண்டையும் அழுத்த வேண்டும். ஆறு மாதம் ஒருவர் எனக்காக அதைச் செய்தார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர். பேருந்துப் பணிமனை வாசலில் கம்பி போட்ட ஒரு கூண்டுக்குள் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதியவர். வயது எழுபத்திரண்டு. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மனைவி இல்லை. ஒரே மகள், இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை நான்.

நான் அதற்கு முன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. அதற்கும் முன்பு கல்லூரியில் இருந்தும் அப்படித்தான் வந்தேன். பாதியில் எழுந்து போவது எனக்குக் கைவந்த கலை.

முதல் நாள் மகள்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார். கழிப்பறை நாற்காலி எங்கே, சவரக் கத்தி எங்கே, தூக்கும்போது பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டுகிற பட்டை எங்கே. கடைசியாக, ஒற்றைக் கையால் ஊன்றி நடக்கும் வாக்கரைக் காட்டினார்.

"தம்பி, இதுதான் முக்கியம். படுக்கையிலேர்ந்து ஹால் ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா ஒரு சுத்து. தினமும் பத்து சுத்து நடக்க வைக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. கடைசி அரை மணி நேரம் அதுக்குத்தான். ஒரு வருஷம் கழிச்சு ஆபீசுலேர்ந்து வந்து பாப்பாங்க. நடந்தாருன்னா வீட்டுலயே இருக்கலாம். இல்லன்னா முதியோர் இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க."

"இல்லத்துல ஆறு மணிக்கே விளக்க அணைச்சிடறானாம்" என்றார் டைம்கீப்பர் கட்டிலில் இருந்து. "ஆறு மணிக்கு எவன்டா தூங்குவான்? நான் என்ன கோழியா?"

"நான் பாத்துக்கறேன் அக்கா" என்றேன்.

முதல் மாதம் உண்மையாகவே பார்த்துக்கொண்டேன். முதல் நாள் கட்டிலில் இருந்து கதவு வரை போனார், அவ்வளவுதான். நான் பின்னால் பட்டையைப் பிடித்துக்கொண்டு வருவேன். இடது காலைத் தரையோடு இழுத்து இழுத்து வைப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ட்ரிப் என்று பெயர் வைத்திருந்தார்.

"ரெண்டாவது ட்ரிப் கெளம்பிடுச்சு. டிரைவர் தூங்கி வழியறான், கண்டக்டர், நீ முழிச்சிக்கிட்டு வா."

"பிரேக் இருக்கா சார்?"

"இருந்தா நான் ஏன் உன்ன நம்பி வர்றேன்?"

மாதக் கடைசியில் பத்துச் சுற்று நடந்தார். ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கம் அவர் அழுதது எனக்கே கேட்டது. பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னார். "தம்பி, நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்றார்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் எனக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட போ. நடையை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒன்பதரைக்குக் கூப்பிட்டாத்தான் சார் கணக்கு. இப்பவே கூப்பிட்டா கேள்வி வரும்."

"நம்பரச் சொல்லு. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

நம்பரைச் சொன்னேன். அது ஒரு நாளோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் பல்வலி இல்லை. துடைத்துவிட்டு, சவரம் செய்துவிட்டு, உடுப்பு மாட்டி, சாப்பாடு கொடுத்து முடித்தபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. வாக்கரை எடுக்க வேண்டியவன் கதவருகே நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஹாலில் அலமாரித் தட்டின் மேல் இருந்த தொலைபேசியை மட்டும் பார்த்தேன். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்.

"சரி, நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன்பிறகு பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. எட்டு ஐம்பத்தைந்து ஆனதும் அவரே சொல்லிவிடுவார். அந்தப் பெண் குரலைப் பற்றி ஜோக் வேறு அடிப்பார். "தினமும் எனக்கு நன்றி சொல்றாப்பா. என் பொண்டாட்டி முப்பது வருஷத்துல ஒரு தடவ சொன்னதில்ல."

அந்த அரை மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வீட்டுக்குப் பத்தேகாலுக்குத்தான் போக வேண்டும். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பேருந்துகள் வரும், போகும். வீட்டில் நோயாளியாக அம்மா இருந்தாள், இன்னொரு வேலைக்கு ஓடினேன் என்றெல்லாம் சொல்ல முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் இல்லை. அந்த அறையில் இன்னும் அரை மணி நேரம் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு முறை சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப எனக்கு நடையே இல்லாம போயிடும்டா. ரூமுலயே விடு. அந்தம்மாகிட்ட போற ஒரு ட்ரிப்பாவது மிஞ்சட்டும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

தினமும் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. உடம்பு துடைத்தது, உணவு, மருந்து, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். கடைசிக் கட்டம்: நடைப் பயிற்சி, எத்தனை சுற்று. திங்கட்கிழமையே உட்கார்ந்து ஆறு நாளுக்கும் பத்து, பத்து, பத்து என்று போட்டுவிடுவேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

கால் இளைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலுறை மாட்டிவிடுகிறவன் நான்தான். இடது கெண்டைக்கால் சதை மாதா மாதம் தொளதொளத்துக்கொண்டே வந்தது. காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டால் தெரியாது. இழுத்துவிட்டேன்.

விழுந்தது ஒரு வியாழக்கிழமை. மதியம் மகள் கூப்பிட்டார்.

"தம்பி, அப்பா விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். வலது கை மணிக்கட்டு உடைஞ்சிருக்கு, இடுப்புல நல்ல அடி. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் பண்ணியிருக்காரு, அவங்கதான் சாவி போட்டுத் திறந்தாங்க. நீங்க கெளம்பறப்ப நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு அக்கா."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உருப்படியாக இருந்த ஒரே கை அந்த வலது கைதான். இப்போது மாவுக்கட்டில் இருந்தது. முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்திருந்தது. மகள் மருந்து வாங்கப் போயிருந்தார். டைம்கீப்பர் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். கவலப்படாத."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று யோசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அவர் வீடு திரும்பிய மறுநாள், அலுவலக மேற்பார்வையாளர் விசாரிக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. தோளில் தொங்கிய பை கனத்தில் உடம்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹாலில் டைம்கீப்பர் சக்கர நாற்காலியில். மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். என்னை உட்காரச் சொன்னது மகள்தான். "உக்காருங்க தம்பி, ஏன் நிக்கிறீங்க?"

மேற்பார்வையாளர் பையில் இருந்து கட்டுத் தாள்களை எடுத்தார்.

"ஆஸ்பத்திரி சீட்டுல விழுந்த நேரம் எழுதியிருக்கு. ஒன்பது இருபத்தெட்டு. இவ்வளவு துல்லியமா யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார் டைம்கீப்பர். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "விழறப்பவே கடிகாரத்தப் பாத்தேன்."

"நீங்க?" என்று மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கெளம்பினதாப் பதிவாகியிருக்கறது ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒன்பது ஐம்பத்து நாலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் போயிருக்கு. அப்படின்னா இவரு விழுந்து இருபத்து நாலு நிமிஷம் நீங்க வீட்டுக்குள்ள இருந்திருக்கீங்க. அப்புறம் கெளம்பிப் போயிட்டீங்க. விழுந்த மனுஷன் தானே போன் பண்ணி உதவி கேட்டிருக்காரு. எனக்குப் புரியல. என்ன நடந்துச்சு?"

எனக்குமே அப்போதுதான் புரிந்தது.

அவர் விழுந்த இடம் படுக்கையறை நிலைப்படி. தொலைபேசி ஹாலின் அந்தக் கோடியில். எனக்கு ஏழு எட்டு அடி வைத்தால் வந்துவிடும். உடைந்த கையோடு, செத்த கையும் காலுமாக, முழங்கையை ஊன்றி ஊன்றி அவர் அதைத் தவழ்ந்து கடந்திருக்கிறார். வயரைப் பிடித்து இழுத்துத் தொலைபேசியைக் கீழே தள்ளியிருக்கிறார். அதற்கு இருபத்து நாலு நிமிடம் ஆகியிருக்கிறது. ரிசீவர் கைக்குக் கிடைத்ததும் முதலில் அழுத்தியது என் எண்ணை. எனக்கு நேரமாகிவிட்டதே என்று. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டது அதற்கு அப்புறம்தான்.

"அவன் இருந்தான் மேடம்" என்றார் டைம்கீப்பர். "என்னத் தூக்கிவிடப் பாத்தான். முடியல. நான்தான் போ போன்னு சொன்னேன்."

"தூக்கப் பாத்தாரா?"

"ஆமா. நான் கனம்ல."

மேற்பார்வையாளர் பேனாவால் தாளில் ஏதோ குறித்தார். "பாருங்க சார், இவரு எழுதியிருக்கறபடி நீங்க தினமும் பத்து சுத்து நடக்கறீங்க. தினமும் பத்து சுத்து நடந்தும் விழுந்துட்டீங்க. பக்கத்துல ஆள் இருந்தும் தூக்க முடியல. இத மேல கொண்டுபோனா என்ன சொல்லுவாங்க? வீட்டுல வச்சுப் பாக்கறது இனிமே பத்திரமில்ல, இல்லத்துக்கு அனுப்புங்கன்னுதான் சொல்லுவாங்க. நானும் வேற மாதிரி எழுத முடியாது."

"மேடம், இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்றார் மகள்.

டைம்கீப்பர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். தினமும் பத்து முறை தொட்டதாக நான் எழுதிய ஜன்னல். பிறகு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையோ கோபமோ இல்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தார்.

நான் உடனே சொல்லிவிடவில்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேன். கிடங்கில் திரும்ப எடுப்பார்களா என்று நினைத்தேன். அவர் இத்தனை தூரம் மறைத்ததை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். மகள் எழுந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "பாவம், தம்பி முகமே செத்துப்போச்சு" என்றார்.

"நான் இல்ல மேடம்" என்றேன். "அன்னிக்கு எட்டு ஐம்பத்தஞ்சுக்கே போயிட்டேன். தினமும் அப்படித்தான். ஒன்பதரைக்குப் போன் பண்றது அவரு. அதுக்குப் போறப்பதான் விழுந்திருக்காரு. நடையும் கிடையாது. முதல் மாசம் நடந்தாரு, நெசமாவே பத்து சுத்து நடந்தாரு. அப்புறம் நான் எழுதினது எல்லாம் பொய்."

மேற்பார்வையாளருக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். வரிசையாக நேரங்கள்.

"முதல் மாசத்தப் பாருங்க. ஒன்பது இருபத்தேழு, ஒன்பது முப்பத்திமூணு, ஒன்பது முப்பத்தஞ்சு. மனுஷன் கெளம்பற மாதிரி இருக்கு. அப்புறம் பாருங்க. ஒன்பது முப்பது. ஒன்பது முப்பது. ஒன்பது முப்பது. நடுவுல ஒரே ஒரு நாள் ஒன்பது நாப்பத்தொண்ணு. அதையும் விழுந்த நாளையும் விட்டா ஒரு நிமிஷம் முன்ன பின்ன கிடையாது. எந்த வேலைக்காரன் இப்படிக் கெளம்புவான்?"

டைம்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தொரு வருடப் பழக்கம் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தம்ளரை எடுக்க நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.

"ஏன் சார்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "இவரு ஏமாத்தறாருன்னு தெரிஞ்சும் நீங்க ஏன் போன் பண்ணிக் கொடுத்தீங்க? பாசமா?"

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் அவருக்கு ஒரு இது. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த காலத்தில் தாமதமாக வந்த டிரைவர்களுக்கு இரக்கம் காட்டியிருப்பார், அதுபோல எனக்கும் என்று.

"பாசம் என்ன பாசம்" என்றார் டைம்கீப்பர். "இவனுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். வந்தா வருவான், வராட்டி இல்ல. நான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிப் புகார் சொன்னேன். மறுநாளே அவன எடுத்துட்டீங்க. நல்லது. அடுத்த ஆளு எப்ப வந்தான்? சொல்லுங்க. உங்க தாள்ல இருக்கும்."

மேற்பார்வையாளர் தாளைப் புரட்டவில்லை.

"நாப்பத்தொரு நாள்" என்றார் டைம்கீப்பரே. "நாப்பத்தொரு நாள் ஆளே இல்ல. ஞாயித்துக்கிழம இவ வருவா. மத்த நாள்ல பக்கத்து வீட்டம்மா ஒரு வேள சோறு வச்சிட்டுப் போவாங்க. அவங்ககிட்ட மத்தத கேக்க முடியுமா? என் அசிங்கத்துலயே நான் படுத்துக் கெடந்தேன். முதுகுல புண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் இவன் வந்தான். ரெண்டாவது மாசம் கதவுகிட்ட நின்னு போனையே பாத்தான். வேண்டாம்னு சொன்னா இவனும் போயிட்டான்னா? அரை மணி நேரம் போனாப் போகுது, ஒரு மணி நேரமாவது வர்றானேன்னு விட்டேன். விழுந்தப்பவும் அதான். ஒன்பதரை தாண்டிடுச்சு, இவன் மாட்டிக்கிட்டா நாளைலேர்ந்து யாரு வருவா?"

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார், திறந்தார். அந்த நாற்பத்தொரு நாள் ஆள் அனுப்பாத தாளிலும் அவர் கையெழுத்துதான் இருந்திருக்க வேண்டும். அவர் கழுத்து சிவந்திருந்தது. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறு மாதம் ஒரு மனுஷன் என்னிடம் பயந்து சிரித்திருக்கிறார். அந்த ஜோக்குகளுக்கெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். மேற்பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத நீங்க அவருகிட்ட சொல்லிக்குங்க. எனக்கு வேண்டியது சரியான தாள். பத்து சுத்து நடந்தும் விழுந்தாருன்னு இருந்தா, இல்லம். ஒரு மாசத்துல பத்து சுத்து நடக்கக் கத்துக்கிட்ட மனுஷன், ஆறு மாசம் நடக்க விடாததால விழுந்தாருன்னு இருந்தா, நான் ரெண்டரை மணி நேரமும் ஒரு பிசியோதெரபிஸ்டும் கேக்கலாம். ஆறு மாசத் தாளையும் திருத்துங்க. ஒவ்வொரு தாள்லயும் அடிச்சு, உண்மையில எத்தனை சுத்துன்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போடணும். அவரும் போடணும்."

"இவர எப்ப எடுப்பீங்க?" என்று மகள் கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எடுக்கத்தான் போறேன். ஆனா அடுத்த ஆள் இந்த வாசப்படி ஏறின அப்புறம்தான். இன்னொரு நாப்பத்தொரு நாள் இங்க நடக்காது. அதுவரைக்கும் இவரே வரட்டும். ஒன்பதரை வரைக்கும். போன் இவரே பண்ணட்டும். நான் எப்ப வேணா வந்து நிப்பேன்."

அன்றோடு துரத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாதியில் போவதுதான் எனக்குத் தெரியுமே. இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு அந்த மனிதரின் முன் போய் நின்று, துணி அவிழ்த்து, துடைத்துவிட வேண்டும். அவரும் என் கையில் உடம்பைக் கொடுத்தாக வேண்டும். இருவருக்கும் வேறு வழியில்லை.

மகள் இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். என்னிடம் முறையாகத்தான் பேசினார். "துண்டு உள்ள இருக்கு", "மருந்து கொடுத்தாச்சு". தம்பி என்று மட்டும் அதன்பிறகு கூப்பிடவில்லை.

கை மாவுக்கட்டில் இருந்ததால் வாக்கரைப் பிடிக்க முடியாது, நடை கிடையாது. எனவே ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை தாள். மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. சாப்பாட்டு மேசையில் தாள்கட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். நான் பத்து என்பதைக் குறுக்கே அடிப்பேன். பக்கத்தில் பூஜ்யம் போடுவேன். கையெழுத்துப் போடுவேன். தாளை அவர் பக்கம் நகர்த்தி, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களுக்கு நடுவில் பேனாவைச் சொருகுவேன். அவர் இரண்டு எழுத்துக் கிறுக்குவார். அடுத்தது. அடி, பூஜ்யம், கையெழுத்து, கையெழுத்து. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று தாள்தான் முடியும். அதற்குள் அவர் விரல் வலிக்க ஆரம்பித்துவிடும்.

முதல் இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள், "பூஜ்யம் நல்லா ரவுண்டா போடற. ஸ்கூல்ல நெறைய வாங்கியிருப்ப" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இது எந்தச் சிரிப்பு, பயந்த சிரிப்பா என்று இனிமேல் எனக்கு எப்படித் தெரியும்? நான் சிரிக்கவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த தாளை இழுத்துக்கொண்டார்.

மன்னிப்பு அப்போதும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைப்பேன். அடுத்த தாளை எடுத்துவிடுவேன்.

மேற்பார்வையாளர் சொன்னபடியே இரண்டு முறை சொல்லாமல் வந்து நின்றார். இரண்டாம் முறை சேதி கொண்டுவந்தார். அதுவரை திருத்தியிருந்த தாள்களை வைத்தே மேலே பேசியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு வீட்டில்தான். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் ஆள், வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. அதற்கப்புறம் நடையைப் பார்த்து முடிவு. மீதித் தாளும் சீக்கிரம் வேண்டும். மகள் மேற்பார்வையாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். டைம்கீப்பர், "ஆறு மாசம் கழிச்சு சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்க மேடம், விளக்கு எரியறதக் காட்டறேன்" என்றார். மேற்பார்வையாளர் சிரித்தார். போகும்போது என்னிடம், "புது ஆள் திங்கக்கிழம வருவாங்க" என்றார்.

சனிக்கிழமை கடைசிக் கட்டு. பன்னிரண்டு தாள். ஐந்தாவதையோ ஆறாவதையோ வழக்கம்போல அடிக்கப் போனேன்.

"இரு" என்றார். "தேதி என்ன?"

சொன்னேன்.

"இத அடிக்காத. அன்னிக்கு நடந்தோம்."

நான் தாளைப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. பிறகு மேற்பார்வையாளர் காட்டிய வரிசையில் தனியாக நின்ற ஒன்பது நாற்பத்தொன்று நினைவுக்கு வந்தது. அந்த நாள்தான். காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடை இல்லை. பேருந்து நிறுத்தக் கூரை ஒழுகும். மழை விடட்டும் என்று இருந்தேன். சும்மா உட்காருவதற்குப் பதில் வாக்கரை எடுத்தேன். மழை விட்டதும் நானே கூப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்கு அவ்வளவுதான் அந்த நாள். அவர் தேதியோடு வைத்திருந்தார்.

"அன்னிக்கு மழை சார்" என்றேன். "அதனாலதான் இருந்தேன்."

"தெரியும்டா. ஜன்னல்கிட்ட போறப்பல்லாம் நீ வெளிய வெளிய எட்டிப் பாத்தியே."

"பத்து அப்படியே இருக்கட்டுமா?"

"பத்தா?" என்றார். பழைய கூண்டில் இருந்து எட்டிப்பார்த்து டிரைவரை அதட்டுகிற முகம் அதுவாகத்தான் இருக்கும். "அப்பவே கால் போச்சு. நாலுதான். நாலாவது ட்ரிப்புல ஜன்னல் வரைக்கும் போகல, பாதியில நாற்காலிகிட்டயே திரும்பிட்டேன். ஆனாலும் நாலுன்னு போடு."

பத்தை அடித்து நாலு என்று எழுதினேன். பூஜ்யமே போட்டுப் போட்டு வேறு எண் எழுதக் கை வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். அவர் விரலில் பேனாவைச் சொருகினேன். மற்ற தாள்களைவிட நேரம் எடுத்து, எழுத்துச் சிதறாமல் போட்டார்.

மீதியையும் முடித்தோம். தாள்கட்டை நூல் போட்டுக் கட்டி மேசையில் வைத்தேன். மன்னிப்பு இன்னும் பாக்கி இருந்தது. எழுந்து தொலைபேசிப் பக்கம் நடந்தேன்.

"மணி என்ன?" என்றார் பின்னால் இருந்து.

சுவர்க் கடிகாரம் அவருக்கு எதிரில்தான் இருந்தது. "ஒன்பது இருபத்தொன்பது சார்."

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குல்ல. வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தேன்.